மஞ்சள் இல்லாத இரண்டு மூலை

“ஒண்ணே ஒண்ணுதாண்ணே கேட்டு விட்டிருக்காங்க,” என்றார் ரெத்தினம், பொட்டாஷ் மூட்டை மேல் உட்கார்ந்தபடி. “மேல ஒரு ஒம்போது போட்டிருக்கே, அது என்னான்னு.”

கல்லாவில் இருந்த சாரங்கபாணி நிமிர்ந்தார். “எந்த ஒம்போது?”

கல்யாணத் தரகர் ரெத்தினம் கக்கத்துப் பையிலிருந்து ஒரு தாளை உருவி நீட்டினார். அது சாரங்கபாணி தன் மகள் வானதிக்காகக் கடைக் கம்ப்யூட்டரில் தானே அடித்துக் கொடுத்த ஜாதகக் குறிப்பு. நான்கு மூலையிலும் அவர் மனைவி தங்கமணி தடவிய மஞ்சள் அப்படியே இருந்தது. ஆனால் தாளின் உச்சியில், அவர் அடிக்காத ஒரு வரி பொடி எழுத்தில் இருந்தது: ‘தங்கமணி உர நிலையம், கீழ்வேளூர். வானதி9.’

“பையனோட பெரியப்பா கேக்குறாரு. இது ஒம்பதாவது எடமா, முன்னாடி எட்டு எடம் தட்டிப்போச்சான்னு.”

“எட்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! இந்தப் பொண்ணு ஜாதகம் வாசப்படியத் தாண்டினதே இதான் மொதத் தடவை.”

“எனக்குத் தெரியும்ணே. அவருக்குத் தெரியணுமே.”

ஒன்பதின் கதை வேறு. வானதியின் நிறத்தை மாநிறம் என்று சாரங்கபாணி அடித்தார். தங்கமணி அதைச் சிவப்பு என்று திருத்தச் சொன்னாள். வானதி மறுபடி மாநிறம் ஆக்கினாள். உயரம், நட்சத்திரப் பாதம், தாய்மாமன் பெயரின் தலையெழுத்து என்று ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு புது ஃபைல்; கடைசி ஃபைலின் பெயர் வானதி9. பழையதை அழித்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். அழித்தால், ‘நான் எப்பச் சொன்னேன்’ என்பாள் தங்கமணி. ஆதாரம் வேண்டும்.

சாரங்கபாணி ஒரு சந்தேகப் பிராணி. கம்பெனியிலிருந்து தையல் பிரியாமல் வரும் மூட்டையைக்கூடத் தன் தராசில் ஒருமுறை ஏற்றிப் பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். மகளின் ஜாதகத்தை பிரவுசிங் சென்டரில் கொடுத்து அடிக்கலாம் என்று வீட்டில் சொன்னபோது, “அவன் ஒரு காப்பி எடுத்து வச்சுக்குவான்” என்று மறுத்துவிட்டார். எடுத்து வைத்துக்கொண்டு என்ன செய்வான் என்று அவருக்கும் தெரியாது. ஆனால் செய்வான்.

இந்தச் சம்பந்தத்திலேயே அவருக்கு ஏற்கெனவே இரண்டு சந்தேகம். ரெத்தினத்தை அவர் கூப்பிடவில்லை. ஒரு நாள் தானாகவே கடைக்கு வந்து, “கும்பகோணத்துல ஒரு பையன் இருக்காண்ணே, பேரு தமிழரசன், பேங்க் உத்தியோகம்” என்று ஆரம்பித்தார். கூப்பிடாமல் வருகிற தரகரை எந்த ஊரில் பார்த்திருக்கிறோம்? இரண்டாவது, வானதி. இரண்டு வருஷமாக எந்த வரனைச் சொன்னாலும் தலைவலி என்று படுத்துக்கொள்கிற பெண், இந்தப் பையனின் ஜாதகம் வந்ததும், “உங்க இஷ்டம்ப்பா” என்றாள். அப்பாவின் இஷ்டத்துக்கு அவள் கடைசியாகக் கட்டுப்பட்டது மொட்டை போட்டுக் காது குத்தியபோதுதான்.

சந்தேகம் ஒரு பக்கம் இருந்தாலும் இந்த இடத்தை விட அவருக்கு மனசில்லை. அடக்கமான பையன், போய்வரும் தூரத்தில் ஊர், குடிப் பழக்கம் இல்லை. மகள் முதல்முறையாகத் தலையாட்டியிருக்கிறாள். ஆடி பிறந்துவிட்டால் பேச்சை எடுக்க முடியாது. ஆடிக்குள் வெற்றிலை பாக்கு மாற்றியாக வேண்டும். அதற்குள் அவள் மனசு மாறிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவருடைய பயம். அந்தப் பயத்தில் அவருக்கு ராத்தூக்கம் குறைந்திருந்தது.

ரெத்தினம் போனதும் அவர் மேசை இழுப்பறையைத் திறந்து மாப்பிள்ளை வீட்டுத் தாளை எடுத்தார்.

“நம்மள கேள்வி கேக்குறாங்களே, இவங்க தாளு யோக்கியமா? பாரு தங்கம்.”

“எத்தனை தடவை பாக்குறது?” என்று உள்ளிருந்து வந்தாள் தங்கமணி. கடையும் வீடும் ஒரே கட்டடம். நடுவில் ஒரு திரைதான்.

“கீழ ரெண்டு மூலையில மஞ்சள் இருக்கு. மேல ரெண்டு மூலையில இருக்கா?”

“இல்ல.”

“ஏன் இல்ல? நாலு மூலைக்கும்தானே தடவுவாங்க. நம்ம தாளோட வச்சுப் பாரு. ரெண்டு வெரக்கட குட்டை. மஞ்சள் வச்சதுக்கு அப்புறம் மேல கத்தரிச்சிருக்காங்க. அங்க என்னமோ எழுதியிருந்திருக்கு.”

“என்ன எழுதியிருக்கும்?”

“ரெண்டாந்தாரம்னு எழுதியிருக்கும். யாரு கண்டா?”

“பையனுக்கு இருபத்தெட்டு வயசுங்க. தாளை விட்டுட்டுப் பையனைப் பாருங்க. அவனும் நம்ம பொண்ணும் திருவாரூர்லதான் படிச்சிருக்காங்க. இந்தா, நம்ம பிரிண்டர் மாதிரியே அவங்க பிரிண்டரும் ஓரத்துல கறுப்புக் கோடு இழுக்குது. பத்துப் பொருத்தத்துல அது ஒண்ணு ஆச்சு.”

“கேலி பண்ணாத,” என்றார் சாரங்கபாணி. தாளைப் பத்திரமாகத் திருப்பி வைத்துப் பூட்டினார்.

அன்று மாலை வானதியைக் கம்ப்யூட்டர் முன்னால் நிறுத்தினார். “நான் அடிக்காதது மேல எப்படி வருது?”

“அது ஹெட்டர்ப்பா. ஒவ்வொரு தாளுக்கும் மேல தானா வர்றது. கடைப் பேரை முன்னாடியே போட்டு வச்சிருக்கோம். அதுக்குப் பக்கத்துல பாருங்க, டாலர் போட்டு ஒரு n இருக்குல்ல? அந்த எடத்துல மிஷின் ஃபைல் பேரை எடுத்துப் போட்டுக்கும்.”

“n போட்டா n தானே வரணும்?”

“முன்னாடி டாலர் இருந்தா அது எழுத்து இல்லப்பா, கட்டளை. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒண்ணு இருக்கு. தேதி, பக்கம், பேரு எல்லாத்துக்கும். எஸ்கேப் குறியீடுன்னு சொல்லுவாங்க.”

சாரங்கபாணி மகளை ஏற இறங்கப் பார்த்தார். வயசுப் பெண்ணின் வாயில் எஸ்கேப் என்கிற சொல் இவ்வளவு சரளமாக வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

“ஹெட்டரே வேணாம்னு எடுத்துடட்டுமாப்பா? ஒரு டிக் எடுத்தாப் போதும்.”

“தொடாத! இருந்ததை எடுத்தா, என்னத்தையோ மறைக்கிறோம்னு ஆயிடும். அந்தப் பெரியப்பா கலியபெருமாள் யாரு தெரியுமா? வி.ஏ.ஓ.வா இருந்து ரிட்டையர் ஆனவரு. பட்டாவையும் சிட்டாவையும் பாத்தே கண்ணு பழுத்த மனுஷன்.”

பையனுக்கு அப்பா இல்லை. அம்மா செந்தாமரை இருக்கிற இடம் தெரியாத பெண்மணி என்று ரெத்தினம் சொல்லியிருந்தார். அந்த வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம்.

ஆகையால் உச்சியில் ஏதாவது இருக்க வேண்டும். அதைப் பார்த்தாலே மதிப்பு வர வேண்டும். மகளை அனுப்பிவிட்டு, திரையில் உதவிப் பக்கத்தைத் திறந்து விரல் வைத்துப் படித்தார் சாரங்கபாணி. டாலரும் சதவீதக் குறியும் சேர்ந்தால் பக்க எண். டாலரும் சமக்குறியும் சேர்ந்தால் மொத்தப் பக்கம். அவருக்குச் சட்டென்று வெளிச்சம் தட்டியது. கிரயப் பத்திரத்தில் அப்படித்தானே இருக்கும்! ஃபைல் பெயரைத் தூக்கிவிட்டு இரண்டையும் போட்டார். அச்சு எடுத்தார். பிரிண்டர் ஒரு தாளைக் கொடுத்துவிட்டு இரண்டு வெற்றுத் தாளையும் துப்பியது. மிஷின் வீணடிக்கிறது என்று முணுமுணுத்து, அவற்றை இழுப்பறையில் போட்டுவிட்டு முதல் தாளை மட்டும் அனுப்பினார்.

மறுநாள் ரெத்தினம் மூட்டையில் உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசினார்.

“பக்கம் 1 / 3ன்னு போட்டிருக்காம். மீதி ரெண்டு பக்கம் எங்கன்னு கேக்குறாரு.”

“ரெண்டும் வெத்துத் தாளுய்யா!”

“சொன்னேன். வெத்துத் தாளா இருந்தா அனுப்புறதுல என்ன கஷ்டம்ங்குறாரு.”

நியாயமாகத்தான் பட்டது. சாரங்கபாணி இழுப்பறையிலிருந்து இரண்டு தாளையும் எடுத்தார். ஒன்றில் ‘பக்கம் 2 / 3’, மற்றதில் ‘பக்கம் 3 / 3’. அதற்குக் கீழே ஓரத்துக் கறுப்புக் கோட்டைத் தவிர ஒன்றுமில்லை. கீபோர்டைத் துணியால் துடைக்கிறேன் என்று தங்கமணி என்டர் பொத்தானை ஆசை தீரத் தேய்த்ததில் வந்த பக்கங்கள் அவை. அந்த உண்மை பிறகுதான் வெளிவந்தது. அப்போது அவள் செய்ததெல்லாம், “சம்பந்தி வீட்டுக்குப் போறது, மூளியா அனுப்பக்கூடாது” என்று இரண்டு வெற்றுத் தாளுக்கும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியதுதான்.

அடுத்த தடவை ரெத்தினம் கடைக்குள்ளேயே வரவில்லை. வாசலில் நின்று கூப்பிட்டார்.

“மஞ்சள் தடவி வெத்துத் தாளு அனுப்பியிருக்கீங்களேண்ணே! நாங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா மேல இவங்க எதை வேணா எழுதிக்குவாங்களான்னு கேக்குறாரு. என் சர்வீஸ்ல எத்தனை வெத்துப் பத்திரம் பாத்திருக்கேன் தெரியுமான்னு என்னைய புடிச்சுக்கிட்டாரு.”

“அந்த ஆளு என்னய்யா, பொண்ணு பாக்குறாரா, வில்லங்கம் பாக்குறாரா?”

“ரெண்டும் ஒண்ணுதாங்குறாரு.”

ஞாயிற்றுக்கிழமை மாலை முழுக்க சாரங்கபாணி கம்ப்யூட்டரே கதி என்று கிடந்தார். காலி வரிகளை ஒவ்வொன்றாக அழித்து, மூன்று பக்கத்தை ஒரு பக்கமாக்கிச் சேமித்தார். பக்க எண்ணை எடுத்துவிட்டார். எடுத்த இடத்தைச் சும்மா விட முடியாது. அரசாங்கக் கடிதம் எதுவும் தேதி இல்லாமல் வராது என்பது ஞாபகம் வந்தது. உதவிப் பக்கத்தில் தேதிக்கு இரண்டு குறியீடுகள் இருந்தன. ஒன்று அச்சடிக்கும் நாள். இன்னொன்று ஃபைலைக் கடைசியாகத் திருத்திய நாளும் நேரமும். எது மதிப்பு என்று தெரியாததால் இரண்டையும் போட்டார்.

“இப்பவாவது என்னைக் கேக்கக்கூடாதாப்பா?” என்றாள் வானதி, திரைக்குப் பின்னால் நின்று. கையில் செல்போன். அவள் முகம் வாடியிருந்தது.

“நீ போ. யாருகிட்ட பேசிக்கிட்டிருந்த?”

“அஃப்ரீன்கிட்ட.”

அஃப்ரீன் அவளுடைய கல்லூரித் தோழி. ஆனால் அஃப்ரீனிடம் பேச எதற்கு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போக வேண்டும்? சாரங்கபாணி அதைக் கேட்கவில்லை. மனசில் குறித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை ரெத்தினத்திடம் தாளைக் கொடுத்தனுப்பினார். மாலையில் நேரில் வராமல் போன் செய்தார் ரெத்தினம். அது நல்ல அறிகுறி இல்லை.

“அண்ணே, பொண்ணு பொறந்து இருபத்தஞ்சு வருஷமாச்சு. ஜாதகம் பொறந்தது நேத்து சாயங்காலம்ங்குறாரு.”

“என்னய்யா உளறுற?”

“தாளோட தலையில ஞாயித்துக்கெழம, அஞ்சு பத்துன்னு போட்டிருக்காம். அதுக்குப் பக்கத்துல திங்கக்கெழம தேதி. நேத்து சாயங்காலம் எந்தக் கட்டத்தைத் திருத்தினாங்க, செவ்வாயைத் தூக்கி எங்க உக்கார வச்சாங்கன்னு கேக்குறாரு.”

“செவ்வாயை நான் தொடவே இல்லய்யா!”

“அதோட, அஞ்சு பத்து ராகு காலமாம். திருத்துனதுதான் திருத்தினாங்க, நல்ல நேரம் பாத்துத் திருத்தப்படாதான்னு ரொம்ப வருத்தப்பட்டாரு.”

சாரங்கபாணி போனை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு எப்போது வரும், அடியுரம் எப்போது வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். “தேதி மட்டும் கேக்காதீங்க” என்று அவர்கள் மேல் எரிந்து விழுந்தார். குறுவைக்கு முன்னால் உரக்கடைக்காரர் வாடிக்கையாளரை விரட்டியதைப் பார்த்துத் தங்கமணியே பயந்துவிட்டாள்.

“ஏங்க, வானதியையே அடிக்கச் சொல்லுங்களேன். அவ காலேஜ் ரெக்கார்டெல்லாம் இதுல அடிச்சதுதானே. ஒவ்வொரு தாளுக்கும் மேல அவ பேரு எவ்வளவு அழகா வரும்!”

சாரங்கபாணி எழுந்து உட்கார்ந்தார். பெயர்! ஏன் தோன்றாமல் போயிற்று? தகப்பன் தன் பெயரைத் தாளின் தலையில் போட்டு, இதற்கு நான் பொறுப்பு என்று சொன்னால் எந்த வி.ஏ.ஓ. வாய் திறப்பார்?

“வானதி! உன் ரெக்கார்டுல மேல உன் பேரு எப்படி வந்துச்சு?”

காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே போட்டாள். “எந்தத் தாள்லப்பா? எங்க பாத்தீங்க?”

“எதுக்குப் பதறுற? ரெக்கார்டுல.”

“ஓ, ரெக்கார்டா,” என்று அவள் மூச்சு விட்டாள். “யாரு மிஷினுக்குள்ள நுழைஞ்சிருக்காங்களோ அவங்க பேரைப் போடுற குறியீடுப்பா அது. என் பேருல நுழைஞ்சு அடிச்சா என் பேரு வரும். உங்களுக்கு அது...”

“போதும், புரிஞ்சிடுச்சு.”

புரிந்தது பாதிதான். மீதியைக் கேட்கும் பொறுமை அவருக்கு இல்லை. மகள் பதறியதையே நினைத்துக்கொண்டிருந்தார். ஹெட்டர் கட்டத்தில் ‘பெண்ணின் தகப்பனார்’ என்று தானே அடித்து, பக்கத்தில் பெயருக்கான குறியீட்டைப் போட்டார். அச்சு எடுத்ததும் அவசரமாக மஞ்சள் தடவி, மடித்து, மறுநாள் காலை வந்த ரெத்தினத்தின் பையில் தானே திணித்தார். படித்துப் பார்க்கவில்லை. ஆயிரம் தடவை படித்த தாளை இன்னும் என்ன படிப்பது?

ரெத்தினம் அன்றிரவே திரும்பி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“அண்ணே, கோவிச்சுக்கக் கூடாது. ஊர்ல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. என்கிட்ட உண்மையைச் சொல்லிடுங்க.”

“என்னய்யா?”

“வானதி உங்க பொண்ணுதானே?”

சாரங்கபாணி கையை ஓங்கியபோது தங்கமணி குறுக்கே வந்தாள். ரெத்தினம் மூட்டைக்குப் பின்னால் ஒதுங்கித் தாளை மட்டும் நீட்டினார். உச்சியில் தெளிவாக இருந்தது: ‘பெண்ணின் தகப்பனார்: அட்மின்.’

“அட்மின்னா நிர்வாகின்னு அர்த்தமாம். நிர்வாகம் பண்றவரு வேற, தகப்பன் வேறயா, இதுல சாரங்கபாணிங்கிறவரு யாருன்னு கேட்டாரு. நான் என்னத்தைச் சொல்ல?”

தங்கமணி தாளை வாங்கிப் பார்த்தாள். கட்டிய கணவனை ஒரு பார்வை பார்த்தாள். முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் அவள் அப்படிப் பார்த்ததில்லை.

“நல்லாருக்குங்க,” என்றாள். “ஒரு தாளு அடிக்கத் தெரியாம எம் மானத்தை வாங்கிட்டீங்க.”

உள்ளேயிருந்து விசும்பல் கேட்டது. வானதி அழுதுகொண்டிருந்தாள். “போச்சு. எல்லாம் போச்சு. இனிமே அவங்க ஒத்துக்கவே மாட்டாங்க.”

மகள் அழுவதைக் கேட்டால் சாரங்கபாணிக்குச் சந்தேகம்கூட வராது. சட்டையை மாட்டிக்கொண்டு கும்பகோணத்துக்கே கிளம்பினார். அந்தப் பெரியப்பா காலில் விழுந்தாவது சரி பண்ணிவிடுவது என்று நினைத்தார்.

“இருங்கண்ணே,” என்று ரெத்தினம் தடுத்தார். “கடைசியா ஒரு வழி சொல்லியிருக்காரு. நாளைக்குப் புதன்கெழமை, நேர்ல வர்றாங்களாம். அவரு கண்ணு முன்னாடி ஒரு தாளு அடிச்சுக் குடுக்கணும். அதுல ஒரு குத்தமும் இல்லைன்னா வெத்திலை பாக்கு மாத்திக்கலாம். இருந்தா அப்படியே எந்திரிச்சுப் போயிடுவாங்களாம்.”

புதன்கிழமை வந்தார்கள். கலியபெருமாள் வெள்ளை வேட்டியும், சட்டைப் பையில் மூன்று நிறத்தில் மூன்று பேனாவுமாகக் காரிலிருந்து இறங்கினார். வீட்டுக்கு எத்தனை வாசல், வடக்கே என்ன, கிழக்கே யார் என்று நான்கு எல்லையையும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். பின்னால் தமிழரசன். அவனுக்கும் பின்னால் செந்தாமரை. அவர் யாருக்கும் தொந்தரவில்லாமல் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த காப்பியைக் குடித்தார்.

வானதி வந்து வணக்கம் சொன்னாள். அவள் தமிழரசனைப் பார்க்கவில்லை. அவனும் சுவர்க் காலண்டரை மனப்பாடம் செய்வதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தான். சாரங்கபாணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு பேரும் ஏறெடுத்தே பார்க்கவில்லையே! பிடிக்கவில்லையோ?

“அடிப்போமா?” என்றார் கலியபெருமாள்.

எல்லோரும் திரையை விலக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்கள். கம்ப்யூட்டர் விழித்தது. திரையில் இரண்டு வட்டம். ஒன்றின் கீழே ‘அட்மின்’, இன்னொன்றின் கீழே ‘வானதி’.

“இவருதான் அந்த அட்மினா?” என்றார் கலியபெருமாள், முதல் வட்டத்தைக் காட்டி.

“நான்தாங்க அது.”

“அதுக்கு என்ன ஆதாரம்?”

“இதோ பாருங்க,” என்று சாரங்கபாணி கடவுச்சொல்லை அடித்தார். தவறு என்றது மிஷின். மறுபடி அடித்தார். மறுபடியும் தவறு. வெளி ஆட்கள் வருகிறார்களே, யாராவது எட்டிப் பார்த்துவிட்டால் என்று அன்று காலையில்தான் அதை மாற்றியிருந்தார். எப்படி மாற்றினார் என்பதுதான் இப்போது ஞாபகம் இல்லை. குலதெய்வத்தின் பெயரைப் போட்டார், யூரியா என்று போட்டார், தங்கமணியின் பெயரைப் போட்டார். எதற்கும் அது மசியவில்லை.

“நீங்கதான் நிர்வாகின்னா மிஷினுக்குத் தெரியாதா?” என்றார் கலியபெருமாள், சிவப்புப் பேனாவை எடுத்தபடி.

சாரங்கபாணிக்கு வியர்த்துக் கொட்டியது. வாசலில் கார் நிற்கிறது. அவர்கள் எழுந்து போக இரண்டே அடி. மகள் வாழ்க்கை தன் சந்தேகத்தாலேயே கைநழுவிப் போகிறதே என்று நினைத்துக்கொண்டே இன்னும் ஒரு பெயரைத் தட்டிப் பார்த்தார்.

“தள்ளுங்கப்பா,” என்றாள் வானதி.

அவள் தன் வட்டத்தைத் தொட்டாள். உள்ளே போனாள். ஃபைலைத் திறந்து, ஹெட்டர் கட்டத்துக்குப் போனாள். அவள் பெயரில் நுழைந்ததால் அதில் அப்பா போட்டது இல்லை; அவள் எப்போதோ போட்ட பழைய வரி ஒன்று இருந்தது. சாரங்கபாணி கண்ணாடியைச் சரிசெய்து குனிவதற்குள் அதை அழித்துவிட்டாள். அவ்வளவு அவசரம் எதற்கு என்று அவருக்கு உறுத்தியது. காலியான கட்டத்தின் நடுவில் ஒரே ஒரு எழுத்தை அடித்தாள். டாலர் இல்லை, சதவீதம் இல்லை. அடித்தது அடித்தபடியே வருகிற எழுத்து. பிரிண்டர் முனகி ஒரு தாளைக் கொடுத்தது.

கலியபெருமாள் தாளை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். உச்சியில் நடுவாக ‘உ’ என்று மட்டும் இருந்தது. அதற்குக் கீழே ஜாதகம்.

ரெத்தினம் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.

“இதைத்தானே மொதல்லயே போட்டிருக்கணும்,” என்றார் அவர். “பிள்ளையார் சுழி இல்லாத தாளு என்னா தாளு? அப்பனுக்குத் தெரியாதது பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. எங்களுக்குச் சம்மதம்.” சிவப்புப் பேனாவை மூடிப் பையில் செருகினார்.

அதற்குப் பிறகு எல்லாம் மடமடவென்று நடந்தது. தங்கமணி தட்டுகளைக் கொண்டுவந்தாள். வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம். கலியபெருமாளும் சாரங்கபாணியும் தட்டு மாற்றிக்கொண்டார்கள். செந்தாமரை வானதியின் தலையில் பூ வைத்தார். ரெத்தினம் மறுபடியும் பொட்டாஷ் மூட்டையில் உட்கார்ந்து, இரண்டு தட்டுக் கேசரி சாப்பிட்டார். சாரங்கபாணிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, உரத்தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆனாலும் அவர் சாரங்கபாணி அல்லவா? இழுப்பறையில் பூட்டியிருந்த அந்தக் குட்டைத் தாள் கண்ணில் விழுந்த உமியாக உறுத்திக்கொண்டே இருந்தது. கலியபெருமாள் காரின் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். தமிழரசன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். அதை எடுத்துக் காட்ட வானதி குனிந்துகொண்டிருந்தாள். செந்தாமரை மட்டும் வாசலில் தனியாக நின்றார். இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. சாரங்கபாணி உள்ளே ஓடித் தாளை எடுத்து வந்தார்.

“தப்பா நெனைக்காதீங்கம்மா. இனிமே நாம ஒரே குடும்பம். இருந்தாலும் கேக்காம இருந்தா எனக்குத் தூக்கம் வராது. மாப்பிள்ளை ஜாதகத்துல மேல ரெண்டு மூலையக் காணோம். மஞ்சள் வச்சதுக்கு அப்புறம் கத்தரிச்சிருக்கு. அங்க என்ன இருந்துச்சு?”

செந்தாமரை காரின் முன்சீட்டை ஒருமுறை பார்த்தார். கண்ணாடி ஏற்றியிருந்தது. முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“நான்தாண்ணே கத்தரிச்சேன். மஞ்சள் தடவுறப்பத்தான் பாத்தேன், எம் மவன் ஜாதகத்துக்கு மேல உங்க உரக்கடைப் பேரு, அதுக்குப் பக்கத்துலயே ‘வானதி’ன்னு உங்க பொண்ணு பேரு. எங்க பெரியவரு கண்ணுல பட்டிருந்தா இந்தக் கல்யாணம் நடக்குமா, நீங்களே சொல்லுங்க?”